விளக்கு வைக்கும் நேரத்து ஒரு ரூபாய்

அடி அண்ணாமலையில் இளநீர்க் கடை வைத்திருக்கும் கண்ணாயிரத்துக்கு, பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். மகள் அன்புச்செல்வி தன் விருப்பப்படி சுரேஷ்குமாரைக் கட்டிக்கொண்ட அன்று பேச்சை நிறுத்தியவர்தான். இனி அவள் போடும் சோற்றில் கை நனைக்க மாட்டேன் என்று ஊரறியச் சொன்னார். போனிலும் அவள் எண்ணை பிளாக் பண்ணிவிட்டார்.

கடையில் இருந்த பெட்டியை மட்டும் மறந்துவிட்டார். யார் போனில் பணம் அனுப்பினாலும், இத்தனை ரூபாய் வந்தது என்று உரக்கச் சொல்லும் பெட்டி. அன்புச்செல்வி தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் அந்தக் கடைக்கு ஒரு ரூபாய் அனுப்புவாள். உறவு அறுந்துவிடக் கூடாதென்று மொய்ப் பணத்தோடு ஒன்று சேர்த்து வைப்பார்களே, அந்த ஒரு ரூபாய். தன் குரல்தான் அப்பா காதில் விழக் கொடுத்துவைக்கவில்லை, தன் காசின் குரலாவது விழட்டும். அந்த நேரத்துக்காகப் பகலெல்லாம் ஏங்குவாள். அனுப்பிய பிறகு, கேட்டிருப்பாரா என்று இன்னும் ஏங்குவாள்.

செங்கம் ரோட்டில் ஒரு விடுதியில் அவளுக்கு வேலை. அங்கே தங்கியிருந்த ஹைமவதி மொழிகளை ஆராய்பவள். அறையைக் காலி செய்த அன்று, பில்லுக்குப் பணம் அனுப்பிக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள்.

"பே பண்றோம்னு சொல்றோமே, அந்த வார்த்தை லத்தீன்ல இருந்து வந்ததுங்க. கோவமா இருக்கறவங்களைச் சமாதானப்படுத்தறதுனு அர்த்தம். கடன் குடுத்தவனைச் சமாதானம் பண்றதுனு ஆகி, அப்புறம் காசு குடுக்கறதுக்கே அதான் பேருனு ஆயிடுச்சு."

"காசு குடுத்தா கோவம் ஆறிடுமாங்க?"

"ஆறலைனா நீங்க இன்னும் பே பண்ணலைனு அர்த்தம்," என்று சிரித்துவிட்டு ஹைமவதி பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவளுக்கு அது விளையாட்டு. அன்புச்செல்விக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனை நாள் அனுப்பியதில் ஒரு நாளாவது அவர் மனசு ஆறியதா? அன்று மாலை போனை எடுத்தவள் அனுப்பாமலே வைத்துவிட்டாள். மறுநாளும் அனுப்பவில்லை. அப்பாவை அன்றுதான் முழுசாக இழந்தது போல அழுதாள்.

அதற்கடுத்த நாள் சாயங்காலம் விடுதி வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. கண்ணாயிரம் இறங்கி வந்தார். மகள் முகத்தைப் பார்க்காமல், துண்டில் சுற்றியிருந்த பெட்டியை மேசைமேல் வைத்தார்.

"இது ரிப்பேரு. பேச மாட்டேங்குது. இன்னானு பாரு."

மற்றவர்கள் காசு அனுப்பும்போது பேசியிருக்குமே என்று அவள் கேட்கவில்லை. பொத்தானை அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. போனில் ஒரு ரூபாய் அனுப்பினாள்.

"ஒரு ரூபாய் பெறப்பட்டது," என்றது பெட்டி.

கண்ணாயிரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "ம். சரியாயிடுச்சு," என்றார். பெட்டியை எடுத்து மறுபடி துண்டில் சுற்றினார். ஆனால் நகரவில்லை.

"சாப்டீங்களாப்பா?"

"எங்க சாப்புட்றது? நீ பேசுனதுக்கப்புறம்தான நான் கடைய மூடிட்டு சாப்புடப் போறது," என்றவர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டார். "கை கழுவ தண்ணி எங்க கீது?"