முல்லையின் முன்னங்கால்

சேணம் கட்டி முடித்ததும் நல்லகண்ணு நீளக் கயிற்றைக் கையில் எடுத்தார். சாரல் விடாமல் பெய்ததில் முல்லை சில நாட்களாக லாயத்தை விட்டு வெளியே வரவில்லை. குற்றாலம் சாலையில் ஹாரன் கேட்டாலே அதன் உடம்பு சிலிர்த்தது. ராணுவத்தில் குதிரைகளோடு இருந்தவர் அவர். இப்படி நிற்கும் குதிரையைக் கயிற்றில் பிடித்துத் தன்னைச் சுற்றிக் கொஞ்ச நேரம் வட்டமாக ஓடவிட்டால் துள்ளல் அடங்கும். கவனம் மனிதன் பக்கம் திரும்பும். அதைச் செய்யாமல் தன்னிடம் சவாரி பழக வந்த யாரையும் அவர் ஏற்றியதில்லை.

ஆனால் அந்த வட்டம்தான் முல்லையின் முன்னங்காலைக் கெடுத்திருந்தது. பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரை. சாய்ந்து சாய்ந்து சுற்றியதில் பழைய தசைநார்க் காயம் கிளம்பி, கால் சூடாகி வீங்கியது. நேராக நடத்தலாம், வட்டம் மட்டும் கூடாது என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார்.

"ரெண்டே சுத்து விட்டுட்டு ஏறு ஏட்டி" என்றார்.

"வேண்டாம்ப்பா. வீக்கம் இப்பதான் வத்துது. நான் சும்மா நடத்திட்டு வாரேன்" என்றாள் சுஜிதா. அவர் மகள், போலீஸ்காரி. சென்னையில் குதிரைப்படைக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு, பழகுவதற்காகவே லீவு போட்டு வந்திருந்தாள். அவர் கயிற்றை வேலியில் போட்டார்.

அவள் ஏறி, வீட்டுத் தோப்பின் கோடிக்குக்கூடப் போகவில்லை. காற்றில் ஒரு தார்ப்பாய் படபடத்தது. முல்லை தலையைக் கவிழ்த்துப் பின்னங்கால்களை உதறி எழும்பியது. சுஜிதா வேலிக் கல்லின் மேல் மல்லாந்து விழுந்தாள்.

இடுப்புக்குக் கீழே அவளுக்கு உணர்ச்சி திரும்பவில்லை. சவாரியே இல்லாமல் நின்றதில் முல்லையின் கால் தேறிவிட்டது. அந்தக் காலைத் தடவிப் பார்க்கும்போதெல்லாம் நல்லகண்ணு கையை உடனே எடுத்துக்கொண்டார். அவர் மனைவி ஆனந்தவள்ளி லாயத்துப் பக்கமே போவதில்லை. யார் கேட்டாலும் கொடுத்துவிடச் சொன்னாள்.

புளியங்குடியிலிருந்து எலுமிச்சை மண்டிக்காரர் கௌரிசங்கர் வந்தார். பத்தாவது படிக்கும் மகள் குதிரை கேட்கிறாளாம். காலைக் குனிந்து பார்த்துத் திருப்திப்பட்டவர், வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, குணம் எப்படி என்று கேட்டார்.

நல்லகண்ணு உள்ளறைப் பக்கம் பார்க்காமல், "சாதுதான் அண்ணாச்சி" என்றார்.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது.

"எப்பா, உள்ளதச் சொல்லுங்க."

அவர் காபி டம்ளரைக் கௌரிசங்கர் பக்கம் நகர்த்தினார். சுஜிதாவே சொன்னாள். "அண்ணாச்சி, ஓடவிடாம ஏறுனா அது ஆளத் தூக்கி எறிஞ்சிரும். வட்டமா ஓடவிட்டா மறுபடி கால் போயிரும். உங்க மகளுக்கு வேண்டாம்."

கௌரிசங்கர் அறை வாசல்வரை போய் எட்டிப் பார்த்தார். காபியைத் தொடாமல் கிளம்பினார்.

யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனந்தவள்ளி மகளைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகுப் புண்ணில் மருந்து தடவினாள். லாயத்தில் முல்லை பலகையை உதைத்துக்கொண்டே இருந்தது. பொறுக்க முடியாமல் நல்லகண்ணு போய்க் கதவைத் திறந்தார். அது வெளியே வந்து, தூறலில் பிடரியைச் சிலுப்பிவிட்டு, எந்தப் பக்கம் போவதென்று தெரியாததுபோல் நின்றது. அவருக்கும் தெரியவில்லை.

ஆனந்தவள்ளி உள்ளிருந்து, கட்டிலை ஒட்டி லாயத்தைப் பார்த்திருந்த ஜன்னலைச் சாத்தினாள். முழுக்கச் சாத்த முடியவில்லை. சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே சுஜிதாவின் விரல்கள் இருந்தன.