அறுபத்து மூன்று புள்ளடிகள்

வீரய்யாவின் உயிரின் விலை ஐந்து இலட்சம் ரூபாய், போனஸ் தனி. பதின்மூன்று வருடங்களுக்கு முன் இந்த விலையைச் சொன்னவர் ஆயுள் காப்புறுதி முகவர் பவாஸ். மாநகரசபைக் குப்பை லொறியிலிருந்து இறங்கி, கண்டி மஹய்யாவயில் பொதுக் குழாயடியில் கைகழுவிக் கொண்டிருந்த வீரய்யாவிடம் அவர் அதைச் சொன்னார். உயிருக்கு விலை பேசும் வியாபாரத்தில் முகவருக்கு ஒரு வசதி உண்டு. சரக்கின் சொந்தக்காரன் விலையைக் கூட்டிக் கேட்பதில்லை. மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று மட்டும்தான் கேட்பான்.

வீரய்யாவும் அதைத்தான் கேட்டார். இரண்டாயிரத்து முந்நூற்றைம்பது என்றதும், "ஒரு அம்பதாவது கொறைங்க தம்பி" என்று சிரித்தார். பவாஸ் கொழும்பு வீதியில் புடவைக் கடை வைத்திருந்தவரின் மகன். குறைக்க முடியாத இடத்தில் கூட்டிக் காட்ட வேண்டும் என்று கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே படித்தவர். தன்னுடைய விசிட்டிங் கார்டைத் திருப்பி, பின்பக்கத்தில் "போனஸ் வருடம் 20,000" என்று பேனையால் எழுதிக் கொடுத்தார். ஐம்பது ரூபாய்ப் பேச்சு அத்தோடு முடிந்தது.

இப்போது வீரய்யா இல்லை. சிறுநீரகம் கெட்டு எட்டு மாதம் படுத்திருந்து போய்விட்டார். அவருடைய மனைவி செவனம்மாவிடம் கொடுக்க வேண்டிய காசோலையோடு பவாஸ் மஹய்யாவயின் படிகளில் ஏறினார். ஐம்பத்திரண்டு வயது, கொஞ்சம் தொப்பை. இருபதாவது படியில் நின்று மூச்சு வாங்கினார். காசோலையில் இருந்த தொகை அவருக்குத் தெரியும். மூச்சு வாங்கியது படிகளால் மட்டும் அல்ல.

செவனம்மா ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, பிளேன்டீயும் சீனியும் கொண்டுவந்து வைத்தாள். காசோலையை வாங்கி, எண்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"ஐஞ்சு தானுங்களா தம்பி? மத்தது?"

"மத்தது எது அக்கா?"

"போனஸு. செத்த வீட்டுல வச்சி நீங்கதானே சொன்னீங்க, வீட்டப் பத்தி யோசிக்காதீங்க, ஏழரைக்கு மேலயே வரும்னு."

சொன்னது உண்மைதான். அவர்கள் வாடகைக்கு இருந்த இரண்டு அறை வீட்டையே விலை பேசி, வீரய்யாவின் சம்பளத்தில் பிடித்துச் சேர்ந்த சேமலாப நிதியை எடுத்து முற்பணமாகக் கொடுத்திருந்தார்கள். மீதி ஏழரை இலட்சம். இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் கொடுக்காவிட்டால் வீடு வேறு ஆளுக்கு என்று சொந்தக்காரர் சொல்லிவிட்டார். பதின்மூன்று வருட போனஸ் இரண்டு இலட்சத்து அறுபதாயிரம். ஐந்தோடு அதைக் கூட்டினால் வீட்டுக்கும் போதும், உறுதிப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசுக்கும் பத்தாயிரம் மிஞ்சும். செவனம்மா படித்தவள் அல்ல, ஆனால் இந்தக் கணக்கை அவள் ஒரு நாளைக்கு நாலு தடவை போட்டுப் பார்த்தாள்.

"அது கொஞ்சம் சொணங்கும் அக்கா. நான் ஒப்பீசுல கேட்டுப் பாக்குறேன்."

"கேளுங்க. ஒங்க வாயால சொன்னது, வராமப் போயிருமா?"

தேநீரைப் பவாஸால் முழுதாகக் குடிக்க முடியவில்லை.

கம்பனியின் கண்டிக் கிளை மூன்றாம் மாடியில் இருந்தது. முகாமையாளர் ஹில்மிக்கு முப்பத்தைந்து வயது. கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, தன்னைவிட மூத்தவரை 'நானா' என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டே வேலையிலிருந்து தூக்கக்கூடிய சாமர்த்தியசாலி.

"போனஸ் குடுத்தாச்சே நானா."

"யாருக்கு சேர்?"

"வீரய்யாக்கு. இந்தா ஈக்குது கையெழுத்து. பக்கத்துல பொஞ்சாதிட கையெழுத்து. கீழ சாட்சி யாரு? நீங்க."

ஹில்மி நீட்டிய தாளைப் பார்த்ததும் பவாஸுக்கு நினைவு வந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் தலைமை அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் அச்சடித்த கடிதக் கட்டொன்று வந்தது. ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கினால் வாடிக்கையாளருக்கு ஒரு சுவர்க் கடிகாரம், முகவருக்கு ஐந்நூறு ரூபாய். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பவாஸ் அறுபத்து மூன்று கடிதங்களை முடித்தார். போகும் முன்பே வீட்டில் உட்கார்ந்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போல ஒரு புள்ளடி போட்டு வைத்திருந்தார். "புள்ளடிக்கு மேல போடுங்க" என்று சொன்னால் போதும். எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. மழையென்றும் வெயிலென்றும் பாராமல் பதினொரு வருடமாகப் படியேறி வருகிற மனிதரிடம் அப்படிக் கேட்பது மரியாதையா?

ஹில்மி கடிதத்தைத் தமிழில் சொன்னார். இந்தக் காப்புறுதிக்கான போனஸ் முழுவதும் எனக்குக் கிடைத்துவிட்டது, இனிக் கேட்க எதுவுமில்லை. அதற்கும் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: மேற்படி கடிதம் கையெழுத்திட்டவருக்குத் தமிழில் வாசித்து விளக்கப்பட்டது. அதன் அடியில் பவாஸின் பெரிய, அழகான கையெழுத்து.

"ஆனா குடுக்கல்லயே சேர்."

"குடுக்கத்தான் ஈக்குது. இத வெளங்கிக் கொள்ளுங்க. தவணைக் காசெல்லாம் ஒரு நிதியத்துல சேருது. வருஷக் கடைசில அதுல ஒரு தொகை மிஞ்சுது. மூணு வருஷத்துக்கு நாப்பத்திரெண்டு கோடி. வரிக்காரன் சொல்றான், இது ஒங்கட லாபம், நூத்துக்கு முப்பது கட்டு எண்டு. கம்பனி சொல்லுது, இது லாபமில்ல, பொலிசி எடுத்தவங்கட சல்லி, போனஸா அவங்களுக்கே குடுத்திட்டோம் எண்டு. குடுத்ததுக்கு அத்தாட்சி வேணாமா? அதுக்குத்தான் இந்தக் கடிதம்."

"அப்ப அந்த சல்லிய இப்பவாவது குடுத்தா என்ன?"

"குடுத்திட்டு, வழக்குல தோத்தா வரிய எங்கால கட்டுற? வழக்கு முடியட்டும்."

பவாஸ் யோசித்தார். ஒரே துணிக்கு இரண்டு பேரிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வைத்திருந்த ஆட்களை அவருக்குத் தெரியும். ஆனால் துணியைக் கொடுத்துவிட்டேன் என்று ஒருத்தனிடமும், இன்னும் வெட்டவில்லை என்று மற்றவனிடமும் சொல்லி, துணியைத் தன் அலுமாரியிலேயே பூட்டி வைத்திருக்கும் வித்தையை அவருடைய வாப்பா கூட அறிந்திருக்கவில்லை.

"புதன்கிழமை கொழும்பு வரி ஒப்பீசுலேந்து ஒரு மேடம் வாறா, கடிதமெல்லாம் மெய்யா எண்டு பாக்க" என்றார் ஹில்மி. "அஞ்சு பேரக் கூப்பிட்டு ஈக்கிறா. ஒண்டு வீரய்யாட பொஞ்சாதி. நீங்க போய்ச் சொல்லிக் குடுங்க. நானா, ஒண்ட மறக்க வேணாம். கடிதம் பொய்யெண்டு வந்தா, கம்பனி பொய் சொன்னதெண்டு வராது. பவாஸ் பொய்ச் சாட்சி போட்டாரெண்டு தான் வரும்."

அன்று பின்னேரமே பவாஸ் மறுபடியும் படியேறினார். செவனம்மாவிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னார். வாசித்துக் காட்டினாரா, போனஸ் கிடைத்ததா என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் என் தொழில் போய்விடும். போனஸை எப்படியாவது நான் வாங்கித் தருகிறேன்.

அவள் அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டாள். பிறகு, "ஒங்களுக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல" என்றாள். அவ்வளவுதான்.

புதன்கிழமை விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இறைவரி அதிகாரி தர்சிகா, யாழ்ப்பாணத்துக்காரி. குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். ஒரு பக்கம் கம்பனியின் சட்டத்தரணி. இந்தப் பக்கம் செவனம்மா, அவளுக்குப் பின்னால் பவாஸ்.

"அம்மா, இது உங்கட கையெழுத்துத்தானே?"

"ஆமாங்க."

"இதில என்ன எழுதியிருக்கெண்டு ஆரும் உங்களுக்குத் தமிழில வாசிச்சுச் சொன்னவையோ?"

"தம்பி சொன்னாருங்க. போனஸு குடுத்தாச்சின்னு எழுதியிருக்குன்னு."

"அப்ப உங்களுக்குக் காசு கிடைச்சது."

"கெடச்சிச்சி."

"எவ்வளவு?"

"ரெண்டு லட்சத்து அறுவதாயிரம்."

சட்டத்தரணி நிம்மதியாகக் கதிரையில் சாய்ந்தார். தர்சிகா எழுதிக்கொண்டே, பேச்சுவாக்கில் கேட்பது போலக் கேட்டார்.

"அந்தக் காசை என்ன செய்தனீங்கள்?"

இந்தக் கேள்விக்குப் பவாஸ் பதில் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. செவனம்மா முந்தானையைச் சரி செய்தாள். பின் நிமிர்ந்தாள்.

"வீடு வாங்குனோம்ங்க" என்றாள்.

எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் சொன்னாள். உள்ளே எத்தனையோ தடவை சொல்லிப் பழகிய வாக்கியம் போல வந்தது. தர்சிகாவின் பேனை அதை எழுதத் தொடங்கியது. தான் பொய்ச் சாட்சி போட்டு வாங்கிய கடிதங்கள் அறுபத்து மூன்றும் பவாஸை அசைக்கவில்லை. இந்த ஒரு பொய் அவரை எழுப்பி நிறுத்தியது.

"அத எழுத வேணாம் மிஸ்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"நான் ஒண்டும் வாசிச்சுக் காட்டல்ல. அப்ப எனக்கே அந்தக் கடிதத்துல என்ன ஈக்குது எண்டு தெரியாது. பென்சிலால புள்ளடி போட்டுக் குடுத்தேன், அவங்க அதுக்கு மேல போட்டாங்க. இவங்களுக்குப் போனஸ் அஞ்சு சதமும் வரல்ல. வீடும் வாங்கல்ல. நான் தான் இப்பிடிச் சொல்லச் சொன்னேன்."

"மிஸ்டர் பவாஸ், நீங்க என்ன சொல்றீங்க எண்டு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?" என்றார் சட்டத்தரணி.

"இப்பதான் சேர் தெரிஞ்சு சொல்றேன்."

தர்சிகா எழுதியதை வெட்டிவிட்டு, கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்தார். கையெழுத்துக்கு அடியில் அழிபடாத பென்சில் கோடு தெரிந்தது.

"வரி கேக்கிற எங்களிட்டை, இது சனத்தின்ரை காசு எண்டுறியள்" என்று சட்டத்தரணியிடம் சொன்னார். "சனம் கேட்டால், வரிக்கு ஒதுக்கின காசு எண்டுறியள். அப்பிடிச் சொன்னால் காசு கடைசி வரைக்கும் உங்களிட்டைத்தான் இருக்கும்."

வெளியே வந்ததும் செவனம்மா பவாஸைப் பார்க்காமலே, "நான் சரியாத்தானே தம்பி சொன்னேன், ஏன் கெடுத்தீங்க?" என்று கேட்டாள்.

உண்மை சொன்னதும் வானம் திறந்து நியாயம் கொட்டும் என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நடந்தது வேறு. முப்பதாம் தேதி வந்தது. வீட்டுக்காரர் தாமதத்துக்கென்று இரண்டு இலட்சம் கழித்துக்கொண்டு முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். வீடு வேறு ஆளுக்குப் போனது. செவனம்மா கண்டிக்கு வெளியே வத்தேகமவில் ஓர் ஒற்றை அறைக்குப் போனாள். பவாஸின் முகவர் உரிமம் நிறுத்தப்பட்டது. அவர் வத்தேகமவில் மச்சானின் இரும்புக் கடையில் ஆணி நிறுத்துக் கொடுக்கத் தொடங்கினார்.

பத்து மாதத்தின் பின் மேன்முறையீட்டில் கம்பனி தோற்றது. போனஸ் கொடுத்ததற்கு அத்தாட்சி இல்லை, ஆகவே மிஞ்சிய தொகை பங்குதாரரின் லாபம், வரியைக் கட்டு என்று தீர்ப்பு. கம்பனி மறுபேச்சில்லாமல் கட்டியது. பிறகு செவனம்மாவுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. அதை எடுத்துக்கொண்டு அவள் இரும்புக் கடைக்கு வந்தாள்.

"மொதல்ல இதத் தமிழ்ல வாசிங்க தம்பி. பொறகு பேசலாம்."

பவாஸ் பக்கத்துக் கடைக் கணக்காளரையும் கூப்பிட்டு, சொல் சொல்லாகக் கேட்டு வாசித்தார். மேற்படி தொகை வாடிக்கையாளருடையது அல்ல, கம்பனியின் லாபமே என்று தீர்ப்பாகிவிட்டதால், தங்களுக்குப் போனஸ் எதுவும் எழவில்லை என்பதை வருத்தத்துடன் அறியத் தருகிறோம்.

செவனம்மா அழவில்லை. கோபப்படவும் இல்லை.

"அவுங்க பொய் எழுதுனாங்க, சரி. ஆனா அந்தப் பொய்க்குக் கையெழுத்துப் போட்டது நாங்க. வாசிக்கத் தெரியாதது குத்தமில்ல தம்பி. வாசிச்சுக் காட்டுங்கன்னு கேக்க வெக்கப்பட்டோம் பாருங்க, அதுதான் குத்தம். தெரிஞ்ச ஆளுன்னு நம்பி, என்னான்னு தெரியாத கடுதாசியில கையெழுத்துப் போட்டா, நம்ம கையே நம்ம வாயப் பொத்திரும். இந்தக் கடுதாசிய எனக்கு மட்டும் வாசிச்சிட்டு நிக்காதீங்க. கையெழுத்துப் போட்ட மத்தவங்களுக்கும் போய் வாசிச்சுக் காட்டுங்க."

அன்றே காப்புறுதிக் குறைகேள் அதிகாரிக்கு அவள் பெயரில் ஒரு முறைப்பாடு எழுதினார்கள். எழுதி முடித்ததும் அவள் அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் பேனையை வாங்கினாள். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பவாஸ் கம்பனி அனுப்பிய அந்தக் கடிதத்தின் பிரதியோடு மஹய்யாவயில் படியேறுகிறார். சிலர் கதிரை போடுகிறார்கள். சிலர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துகிறார்கள். இரும்புக் கடையின் பில் புத்தகத்தின் கடைசித் தாளில், இந்த வாரம் வரைக்குமான கணக்கு அவருடைய அழகான கையெழுத்தில் இப்படி இருக்கிறது:

மிஞ்சிய தொகை, 42 கோடி.
அரசாங்கத்துக்கு வரி, 12 கோடி 60 இலட்சம்.
கம்பனிக்கு, 29 கோடி 40 இலட்சம்.
செவனம்மாவுக்கு, இல்லை. முறைப்பாடு நிலுவையில்.
கையெழுத்துக்கு ஐந்நூறு வீதம் நான் வாங்கியது, 31,500.
வாங்கிய கையெழுத்து, 63.
வாசித்துக் காட்டியது, 19.
கதவு சாத்தியது, 7.
பாக்கி, 37.