ஓடி எடை கூடியவர்

அத்தான் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று யாரும் ஆசைப்படவில்லை, அத்தான் உட்பட. ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, உப்பைக் குறையுங்கள், கொஞ்சம் நடக்கவோ ஓடவோ பாருங்கள் என்றுதான் டாக்டர் சொன்னார். பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பேர் கொடுக்கப் போனால் அந்தப் பிரிவு நிரம்பிவிட்டிருந்தது. படிவத்தில் மிச்சமிருந்தது ஒரே ஒரு கட்டம். காலிக் கட்டத்தைப் பார்த்தால் அத்தானுக்குக் கை சும்மா இருக்காது. டிக் அடித்துவிட்டு வந்துவிட்டார்.

அவருக்கு லிஃப்ட் பரிசோதகர் வேலை. கயிறு, பிரேக், கதவு, அலாரம் என்று அறுபத்துநான்கு விஷயங்கள் அச்சிட்ட தாளோடு கட்டடம் கட்டடமாகப் போவார். எல்லாவற்றையும் பார்த்து டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டால்தான் அங்கே லிஃப்ட் நகரும். பதினேழு வருஷத்தில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் டிக் அடித்ததில்லை என்பது அவருடைய பெருமை. கூட வேலை பார்ப்பவர்களுக்கு அவரிடம் இருந்த ஒரே குறையும் அதுதான். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே டிக் சார்.

நான் அக்காவின் ஒரே தம்பி. உணவு அறிவியல் மூன்றாம் ஆண்டு, இரண்டு பாடம் அரியர். சாப்பாட்டைப் பற்றிப் படிக்கிறவன் என்பதால் எட்டு மாதத்துக்கு அத்தானின் வயிறு என் பொறுப்பில் விடப்பட்டது.

பொறுப்பாகத்தான் செய்தேன். குளியலறையில் கிடந்த எடை மெஷினைக் கூடத்துக்குக் கொண்டுவந்தேன். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்துக்கு முன்னால் ஒரு எடை, பின்னால் ஒரு எடை. குறைந்தது எவ்வளவோ அதற்கு ஒன்றரை மடங்கு தண்ணீரை மதியத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஓடி முடித்த அரை மணி நேரத்துக்குள் இரண்டு முட்டை, இரண்டு வாழைப்பழம், வேகவைத்த உருளைக்கிழங்கு. ஷூ வழக்கத்தைவிட அரை அளவு பெரிது. தொடை உரசாமலிருக்க வாசலின், பனியன் உராயாமலிருக்க மார்பில் இரண்டு துண்டு பிளாஸ்திரி. பிளாஸ்திரி ஒட்டிய கோலத்தில் அத்தானைப் பார்த்த அன்று அக்கா அடுப்படிக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் அவர் அவளைச் சிரிக்க வைத்தது அதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னாள். அவர் முயற்சி ஏதும் செய்யவில்லை.

ஐந்தாவது மாதம், இருபத்தெட்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்த அத்தான் கேட்டைத் திறந்தார், மூடினார், தாழ்ப்பாள் போட்டார், விழுந்தார். உதடு வெளுத்திருந்தது. தூக்கி உட்காரவைத்து மெல்ல எடை பார்த்தால் இரண்டு கிலோ அறுநூறு குறைந்திருந்தது. வழியில் தண்ணீர் குடிக்கவில்லையா என்று கேட்டதற்கு, தாகமெடுத்தால் குடிக்கலாம் என்றுதானே நீ சொன்னாய், எவ்வளவு தாகம் என்று சொல்லவில்லையே என்றார்.

அக்கா என் பக்கம் திரும்பிச் சொன்னது ஒரே வரி. "இன்னொரு தடவ இவரு இப்படி வந்து விழுந்தா, நான் உன்னத்தான் கேப்பேன்."

அதற்கப்புறம், யாரும் என்னைக் கேள்வி கேட்க முடியாத மாதிரி ஒரு திட்டம் போட்டேன். போட்டியில் இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர் மேஜை, மொத்தம் இருபத்தொன்று. ஒவ்வொன்றிலும் முந்நூறு மில்லி பாட்டில். தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு மேஜையிலும் ஒரு பாட்டில் முழுதாக. பக்கத்திலேயே ஒரு கட்டம், டிக் அடிக்க. அதற்கடுத்து உப்புக்கு ஒரு வரிசை போட்டிருந்தேன். அக்கா பேனாவை வாங்கி அந்த வரிசையை மேலிருந்து கீழ்வரை அடித்தாள். டாக்டர் குறைக்கச் சொன்னதை நீ கூட்டப் போகிறாயா, முதலில் அரியரை முடி என்றாள். உப்பில்லாமல் இவ்வளவு வெறும் தண்ணீர் குடிப்பது ஆபத்து என்று நான் அப்போது சொல்லியிருக்கலாம். ஆனால் அரியரில் ஒன்று அந்தப் பாடம்தான்.

போட்டியன்று விடியும் முன்பே மைதானத்தில் அத்தானை எடை பார்த்தேன். எழுபத்தேழரை. திட்டத்தைச் சின்னதாக அச்செடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, இடது முன்கையில் சுற்றி டேப் ஒட்டினேன். சின்னப் பேனா ஒன்றைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டார். ஐந்து மணிக்குத் துப்பாக்கி வெடித்ததும் எல்லோரும் ஓடினார்கள். அத்தான் முதலில் ஷூ நாடா சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓடினார்.

முப்பதாவது கிலோமீட்டர் மேஜைக்கு நான் ஸ்கூட்டரில் போய்க் காத்திருந்தேன். ஓட்டம் என்றும் சொல்ல முடியாது, நடை என்றும் சொல்ல முடியாது, அப்படி வந்தார். வெயில் ஏறியிருந்தது. முகம் கொஞ்சம் உப்பலாகத் தெரிந்தது. களைப்பில் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"வயிறு குலுங்குது மச்சான்," என்றார். "தாகமே இல்ல. இந்த ஒண்ண மட்டும் விட்டுடவா?"

"தாள்ல என்ன போட்டிருக்கு அத்தான்?"

கையைத் தூக்கிப் பார்த்தார். "குடின்னு போட்டிருக்கு."

"அப்புறம் என்ன?"

குடித்தார். டிக் அடித்தார். போனார்.

பத்து முப்பத்தெட்டுக்கு முடித்தார். கழுத்தில் பதக்கத்தைப் போட்டவர்களிடம் நன்றி சொல்லிவிட்டு, எந்தத் தளம் என்று கேட்டார். அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தலை பிளக்கிறது என்றார். புல்தரையில் மெஷினை வைத்து ஏறச் சொன்னேன். எழுபத்தொன்பது புள்ளி மூன்று.

பதக்கம் கொடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டு, ஊரெல்லாம் இளைக்கத்தான் ஓடுகிறது, உங்க அத்தான் வழியில் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டாரா என்று கேட்டார்கள். தரை மேடுபள்ளம் என்று சொல்லி, மெஷினை சிமெண்ட் தரைக்கு மாற்றி மறுபடி ஏறச் சொன்னேன். எழுபத்தொன்பது புள்ளி மூன்று.

எங்கள் பாடப்புத்தகத்தில் பக்கத்தின் ஓரமாக ஒரு பெட்டிச் செய்தி உண்டு. நீண்ட ஓட்டத்துக்குப் பின் எடை குறையாமல் கூடியிருந்தால், கூடவே தலைவலியும் குழப்பமும் இருந்தால், ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போயிருக்கிறது, மூளை வீங்கலாம், தண்ணீர் கொடுக்கக் கூடாது. பெட்டிச் செய்தியெல்லாம் பரீட்சைக்கு வராது என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் அதை மட்டும் படித்திருந்தேன். அப்போது மணி பத்து நாற்பது.

அத்தான் வாந்தி எடுத்தார். வெறும் தண்ணீர். இரண்டு பேர் அவரைத் தாங்கி மருத்துவக் கூடாரத்துக்குக் கொண்டுபோனார்கள். நான் இடது பக்கம் பிடித்துக்கொண்டேன். போகிற வழியில் என் விரல்கள் அவர் முன்கையிலிருந்த டேப்பைப் பிரித்தன. விரல்கள் என்று எழுதினால் நான் வேறு, அவை வேறு என்று ஆகிவிடுகிறது. நான் பிரித்தேன். ரோமமும் சேர்ந்து வந்தது. தாளை மடித்து பேண்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். இருபத்தொரு கட்டத்திலும் டிக் இருந்தது.

கூடாரத்தில் பத்துப் பதினைந்து பேர் படுத்திருந்தார்கள். டாக்டர் ஒரே ஒருவர், சின்ன வயசு அம்மா, காலையிலிருந்து உட்காரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எல்லோருக்கும் நீர் வற்றியதுதான் பிரச்சினை, எல்லோருக்கும் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு தண்ணி குடிச்சாரு?"

"வழக்கம்போலத்தான்," என்றேன்.

அத்தானுக்கும் ஊசி குத்தி ஒரு பாட்டிலைத் தொங்கவிட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். நர்ஸ் அத்தானின் மோதிரத்தைக் கழற்றப் பார்த்தாள். விரல் அவ்வளவு வீங்கியிருந்ததால் வரவில்லை. சோப்பு தேடப் போனாள்.

அக்கா சாப்பாட்டு டப்பாவோடு ஓடிவந்தாள். மூடியில் என் கையெழுத்தில், முடித்த அரை மணி நேரத்துக்குள், என்று எழுதி ஒட்டியிருந்தது. அவரைப் பார்த்ததும் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். ஒரு கையால் தலையைத் தாங்கி, மறு கையால் வாயில் வைத்தாள். குடிங்க, கொஞ்சம் குடிங்க என்றாள். அவர் யார் என்ன சொன்னாலும் கேட்கிறவர். ஒரு வாய் விழுங்கினார். இன்னொரு வாய் விழுங்கினார். நான் கட்டிலின் கால்மாட்டில் பாக்கெட்டுக்குள் கை விட்டபடி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அக்கா அந்தப் பக்கம் போகட்டும் என்று காத்திருந்தேன். அவள் போவதாக இல்லை.

பிறகு அத்தானின் தாடை இறுகியது. கண் மேலே போனது. கட்டிலே ஆடும்படி கையும் காலும் வெட்டி இழுத்தன. அக்கா அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் அவர் பெயரைச் சொல்லி நான் கேட்டதேயில்லை. டாக்டர் ஓடிவந்தார். நான் தாளை எடுத்து நீட்டினேன்.

டாக்டர் அதைப் படிக்க மூன்று நொடி ஆகியிருக்கும். டிரிப்பை நிறுத்தினார். கெட்டியான உப்புநீர் எடுத்து வரச் சொல்லிக் கத்தினார். ஆம்புலன்ஸ் கதவு மூடும்போது கடிகாரத்தைப் பார்த்தேன். மணியைப் பார்க்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாளைக் கொடுத்தது பத்து ஐம்பத்திரண்டுக்கு என்று அதிலிருந்து கணக்குப் போட வேண்டி வந்தது.

மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. ரத்தத்தில் நூற்று முப்பத்தைந்துக்குக் கீழே போகக் கூடாத உப்பு நூற்றுப் பதினாறில் இருந்ததாம். வேகமாக ஏற்றினாலும் ஆபத்து என்று சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். நான்காம் நாள் கண் திறந்து அக்காவை அடையாளம் கண்டுகொண்டார். என்னையும் கண்டுகொண்டார். தண்ணீர் கேட்டார். ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது உத்தரவு, அதனால் ஒரு மூடி அளவு கொடுத்தார்கள்.

அந்தத் தாள் மட்டும் கிடைக்காமல் போயிருந்தால் இரண்டாவது பாட்டிலையும் ஏற்றியிருப்போம், ஆள் தங்கியிருக்க மாட்டார் என்று கூடார டாக்டர் அக்காவிடம் சொன்னார். அக்கா அதைச் சித்தப்பாவிடம் சொன்னாள். சித்தப்பா ஊருக்கே சொன்னார். படிப்பு ஒருநாள் கை கொடுக்கும் என்று நான் அப்போதே சொன்னேனே என்றார் அப்பா, அப்படி அவர் சொன்னதேயில்லை. எங்கள் துறைத்தலைவர் என்னை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தி, விழிப்புணர்வு பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொன்னார். பேசினேன். கைதட்டினார்கள். உப்புப் பாடத்தில் அரியர் அப்படியே இருந்தது.

அக்கா மட்டும் ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்: "உப்ப அடிச்சது நான்தான்டா. நீ அவ்வளவு சொல்லியும் கேக்கல." நான் அவ்வளவெல்லாம் சொல்லவில்லை. அவள் ராத்திரியில் தூங்குவதில்லை என்று அத்தான் சொன்னார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அத்தான் வீட்டுக்கு வந்து ஆறு வாரம் ஆகிவிட்டது. சாப்பிடுகிறார், நடக்கிறார், ரத்த அழுத்தம் அருமையாக இருக்கிறது. ஒரு வரியைப் படிக்க ஆரம்பித்தால் மட்டும் பாதியில் இடம் தவறிவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். அறுபத்துநான்கு விஷயங்களில் எது பார்த்தது, எது பார்க்காதது என்று பிடிபடவில்லை. அலுவலகத்தில் மரியாதையாக விடுப்பு கொடுத்திருக்கிறார்கள். சரியாகலாம், ஆகாமலும் போகலாம், வலிப்பு வருவதற்கு முன்பே பிடித்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும் என்றார் நரம்பு டாக்டர். அதைச் சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை.

போன சனிக்கிழமை ஓட்டத்தை நடத்தியவர்களிடமிருந்து ஒரு படிவம் வந்தது. அடுத்த வருஷம் இப்படி நடக்காமலிருக்க விவரம் கேட்டிருந்தார்கள். நாலு பக்கம், எல்லாம் கட்டம். ஆறு வாரத்தில் முதல்முறையாக அத்தான் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். இடம் தவறாமலிருக்க அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எழுதுகிற வரிக்குக் கீழே ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டாள். அவர் எழுத எழுத விரல் இறங்கியது. முதல் பக்கம் முடிய முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டாம் பக்கத்துக்கு என்னைக் கூப்பிட்டார். முப்பத்தாறாவது கிலோமீட்டருக்கு அப்புறம் அவருக்கு எதுவும் நினைவில்லை.

"அறிகுறி தெரிந்த நேரம்," என்று படித்தார். "எப்ப மச்சான்?"

"பத்து நாப்பது அத்தான்."

எழுதினார். அக்காவின் விரல் ஒரு வரி இறங்கியது.

"மருத்துவரிடம் தெரிவித்த நேரம்."

பத்து நாற்பது என்று சொன்னால் முடிந்துவிடும். அதைச் சரிபார்க்க உலகத்தில் ஆள் கிடையாது. அக்கா படிவத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"பத்து அம்பத்திரெண்டு," என்றேன். "எடை பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுடுச்சு. கைல இருந்த தாள நான்தான் பிரிச்சு பாக்கெட்ல வச்சுக்கிட்டேன். அக்கா தண்ணி குடுத்தப்பவும் என்கிட்டதான் இருந்துச்சு."

அக்கா என்னைப் பார்த்தாள். விரல் தாளைவிட்டு எழுந்துவிட்டது. கை அப்படியே காற்றில் நின்றது.

அத்தான் பேனாவைப் பிடித்தபடி தாளில் மேலும் கீழும் தேடினார். இரண்டாம் வரிக்குப் போனார், ஏழாம் வரிக்குப் போனார், முதல் வரிக்கு வந்தார்.

"விட்டுடுச்சு," என்றார். "எந்தக் கட்டம்?"

பிறகு அக்கா விரலைப் பழையபடி அந்த வரிக்குக் கீழே கொண்டுவந்து, நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தி வைத்தாள்.

"சொல்லு," என்றாள் என்னிடம். "அவருக்கு விட்டுப்போச்சு. முதல்லேருந்து சொல்லு."