அச்சகத்தின் பெயரோடு ஒரு தாள்

அன்று அச்சகத்தில் இருந்தவர்கள் நான்கே பேர்: முதலாளியான மாமனார், கணினியில் எழுத்துக் கோக்கும் மருமகள், மாமனாரின் அக்காவான பிழை திருத்துபவர், துண்டறிக்கை அச்சடிக்க வந்த நர்ஸ். வேறு யாரும் இல்லை.

பிரசவத்துக்குப் பிறகு தும்மினாலும் சிரித்தாலும் சிறுநீர் கசிகிற பெண்களுக்கான அறிக்கை அது. இடுப்படித் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி பற்றி ஆராய்ச்சிகள் சொல்வதை, யார் படித்தாலும் புரிகிற விதத்தில் நர்ஸ் எழுதியிருந்தார்.

படித்துக்கொண்டே வந்த அக்கா ஓரிடத்தில் சிவப்புப் பேனாவை ஊன்றினார்.

"மூணு மாசத்துல பூரண குணம்னு இருக்கே, நர்ஸம்மா?"

"நான் அப்படி எழுதலீங்க. விடாம செஞ்சா பலருக்குக் குறையுது. எல்லாருக்கும் முழுசா நின்னுடும்னு ஆராய்ச்சி சொல்லல."

மருமகளுக்குக் காது சூடானது. இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்து அவள் காகிதக் கட்டைத் தூக்குவதில்லை. முதுகுவலி என்று சொல்லிவைத்திருந்தாள். நேற்று அந்த வரியைக் கோக்கும்போது விரல் தன்னிஷ்டத்துக்கு எழுதிவிட்டது.

மாமனார் இதற்காகவே காத்திருந்தவர் போல ஆரம்பித்தார்.

"இந்த வேலையே வேணாம்னு அப்பவே சொன்னேன். சரி, அடிச்சுத் தர்றேன். அடியில நம்ம அச்சகத்துப் பேர் மட்டும் வேண்டாம். நான் வெளியில தலை நிமிந்து நடக்க வேணாமா?"

"யார் அடிச்சதுன்னு இல்லாத தாளை ஆஸ்பத்திரிக்குள்ள விட மாட்டாங்க, ஐயா. குப்பைக்குத்தான் போகும்."

"அப்ப வேற இடம் பாருங்க."

மருமகள் எழுந்தாள். ஒன்பது வருடங்களில் மாமனார் பேசும்போது அவள் எழுந்ததெல்லாம் தண்ணீர் கொண்டுவரத்தான்.

"பூரண குணம்னு போட்டது நான்தான் மாமா. எனக்குக் குணமாகணும்னு ஆசை. தப்புதான், எடுத்துடறேன். பேரை எடுக்க மாட்டேன்."

"என்னம்மா பேசற?"

"போன வருஷம் வழுக்கையில முடி முளைக்கும்னு எண்ணெய் நோட்டீஸ் அடிச்சோமே, அதுல நம்ம பேர் கொட்டை எழுத்துல இருந்துச்சு. பொய்க்குப் பேர் போடலாம், நிஜத்துக்குப் போடக் கூடாதா?"

"அந்த எண்ணெயை என் தம்பி இன்னும் தடவிட்டுத்தான் இருக்கான்," என்றார் அக்கா. "ஆராய்ச்சி முடிவு அவன் தலையிலயே தெரியுதே!"

நர்ஸ் சிரிப்பை இருமலாக்கினார். மாமனாரின் கை தலைக்குப் போய், சுட்டதுபோல் இறங்கியது.

"உனக்காம்மா?" குரல் தணிந்திருந்தது. "எத்தனை நாளா?"

"நாலு வருஷமா."

"முதுகுவலின்னியே?"

"மானம் போயிடும்னு பயந்து சொன்னேன். இனிமே சொல்ல மாட்டேன். கேக்கறவங்க கேக்கட்டும்."

அவள் உட்கார்ந்து வரியைத் திருத்தினாள்: 'விடாமல் செய்தால் பலருக்குக் குறைகிறது. குறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.' கடைசி வாக்கியம் நர்ஸ் எழுதியதில்லை; இருக்கட்டுமா என்பதுபோல் அக்கா அவரைப் பார்த்தார். நர்ஸ் சரியென்று தலையசைத்தார். சிவப்புப் பேனா மூடப்பட்டது. அடியில் அச்சகத்தின் பெயர், எப்போதும் போடுகிற அளவில்.

மாமனார் திரையை எட்டிப் பார்த்தார். இரண்டு முறை படித்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு இயந்திர அறைக்குப் போனார்.

மாமனார் வெளியே போயிருந்த நேரத்தில் மருமகள் திருட்டுத்தனமாக அச்சடித்துவிட்டாள் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். இயந்திரத்தை ஓட்டியவர் மாமனார்தான்.