‘லாம்’ சொல்ல நேரமில்லை

1

இந்தக் கதை ஒரு இருமலிலிருந்து வந்தது.

போலந்தில், எங்கள் ஆற்றங்கரை ஊரின் தியேட்டரில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், படம் தொடங்குமுன் மைக்கில் ஒருவர் இருமினார். அரங்கமே சிரித்தது, அது எல்லோருக்கும் பழக்கப்பட்ட இருமல். முன்வரிசையில் இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை: நிறைமாத வயிற்றோடு ஒரு பெண், இரண்டு இருக்கை தள்ளி அவளுடைய மாமனார். நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியைப் பாதி கேட்டுத் தெரிந்துகொண்டேன், பாதி நானே சேர்த்தேன்.

முதல் வரியை இப்படி எழுதிப் பார்த்தேன்:

கலினா ஆற்றை வெறித்துப் பார்த்தாள். ஆறும் அவளை வெறி—

வேண்டாம். அந்தப் பெண், கலினா, ஆற்றை வெறித்துப் பார்ப்பவள் அல்ல, அளப்பவள். நீர்மட்டத்தைக் கணக்கிடும் அலுவலகத்தில் வேலை. இன்னொரு தொடக்கம்:

தொட்டில் ஜன்னலோரம் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஆறு இருந்தது.

இது பரவாயில்லை. ஆனால் இப்படித் தொடங்கினால் கடைசியில் வெள்ளம் வந்தே ஆகவேண்டும். அந்தச் சிக்கலுக்குப் பிறகு வருகிறேன்.

2

போலந்தில், எங்களுக்கு வெளிநாட்டுப் படம் என்றால் ஒரே குரல்தான். திரையில் கதாநாயகி அழுதாலும், வில்லன் சிரித்தாலும், குழந்தை கேவினாலும், மேலே ஒரு ஆண்குரல் எல்லோருடைய வசனத்தையும் நிதானமாக வாசித்துக்கொண்டே போகும். அந்தக் குரலுக்குரியவரை எங்கள் மொழியில் ‘வாசிப்பவர்’ என்றுதான் சொல்வோம். (தமிழில் ‘வாசகர்’ என்று எழுதிவிடலாமா என்று யோசிக்கிறேன். நீங்களும் வாசகர்தான். குழப்பம் வருமா? வரட்டும்.)

கலினாவின் கணவன் ரதோமிர், வீட்டில் ராதெக், அப்படி ஒரு வாசகர். கல்லூரி முடித்த கையோடு ஒரு அமெரிக்க வெள்ளப் படத்துக்கு வாசித்தான். தொடங்குமுன் அவன் இருமியதும் அதில் பதிவாகிவிட்டது. அணை உடையப் போகிறது. விஞ்ஞானி மேயரைப் பார்த்துக் கத்துகிறார். கத்தலுக்கு மேலே ரதோமிரின் அமைதியான குரல்:

“இது நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற வெள்ளம்.”

வீடியோ கேசட் காலத்தில் ஊரே அந்தப் படத்தைப் பார்த்தது. அப்புறம் தொண்ணூற்றேழில் எங்கள் ஆறு நிஜமாகவே ஊருக்குள் வந்தது. நீர் வடிந்து, சேற்றை வாரிக்கொண்டிருந்தபோது யாரோ ஒருவர் ரதோமிரின் குரலில் அந்த வரியைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், பிறகு அழுதார்கள், பிறகு நம்பிவிட்டார்கள். நூறு வருஷத்துக்கானது வந்து போய்விட்டது. இனி நமக்கில்லை.

பதினோரு வருஷமாக எங்கள் ஊரின் தைரியம் அந்த வரிதான்.

3

தொட்டிலைச் செய்தவர் ரதோமிரின் அப்பா அம்ப்ரோஜி. மனைவியை இழந்தவர். ஆற்றங்கரை வீட்டில் தனியாக இருக்கிறார். பிரசவத்துக்குப் பிறகு மகனும் மருமகளும் அங்கேயே வந்துவிடுவதாகப் பேச்சு. கீழ்த்தளத்தில் ஆறு தெரியும் அறைக்கு வெள்ளையடித்து, தொட்டிலையும் போட்டுவிட்டார்.

“குழந்தை மாடியில தூங்கட்டும்ப்பா” என்றாள் கலினா.

“மாடியில சாமான் கெடக்கு.”

“எடுத்துடலாம்.”

“எதுக்கும்மா எடுக்கணும்? நமக்கு வர வேண்டியது வந்தாச்சு. அடுத்தது வர்றப்ப உன் புள்ள தாத்தாவாகி, பென்ஷன் வாங்கி, செத்தும் போயிருப்பான்.”

“பொறக்கவே இல்ல, அதுக்குள்ள சாகடிச்சிட்டீங்களா?”

“கணக்குச் சொன்னேன். நீதான கணக்குக்காரி.”

“அது கணக்கு இல்லப்பா. நூறு வருஷ வெள்ளம்னா ஒவ்வொரு வருஷமும் நூத்துல ஒரு பங்கு வாய்ப்பு. போன வருஷம் வந்துச்சா இல்லையான்னு ஆத்துக்கு ஞாபகம் இருக்காது.”

“ஆத்துக்கு இல்லேன்னா என்ன, எனக்கு இருக்கு” என்று சொல்லிவிட்டு அம்ப்ரோஜி கேக்கை வெட்டினார். கசகசா வைத்த கேக். அவளுக்குப் பெரிய துண்டு.

[இந்த இடத்தில் அம்ப்ரோஜி ஒரு பிடிவாதக் கிழவராக மட்டும் தெரிகிறார். எனக்குத் திருப்தியில்லை.]

4

அதனால் கலினாவை மாடிக்கு அனுப்பினேன்.

இல்லை, அவளாகவே போனாள். அறையை அளக்க. உள்ளே ஒரு தையல் மெஷின். சுருட்டிக் கட்டிய இறகு மெத்தைகள். பிளம் ஜாம் பாட்டில்கள், உள்ளே கறுத்துப் போனவை. வெள்ளம் வந்த அன்று மாமியார் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து வைத்தது. அடுத்த குளிர்காலத்தில் அவர் நிமோனியா காய்ச்சலில் போய்விட்டார். வைத்தது வைத்தபடியே இருக்கிறது.

கீழே வந்தவள் நேராகக் கேட்டாள்: “இனி வராதுன்னா, ஏம்ப்பா இன்னும் அதையெல்லாம் கீழ எறக்கல?”

அம்ப்ரோஜி கத்தியைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கத்தி.

“அவ வெச்சது” என்றார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “அங்கயே இருக்கட்டும்.”

மாடியைக் காலி செய்யச் சொன்னால் உண்மையில் எதைக் காலி செய்யச் சொல்கிறோம் என்று கலினாவுக்கு அப்போதுதான் புரிந்தது. ஆனால் தொட்டில் கீழே இருந்தது. அதுவும் உண்மை.

5

தியேட்டர் யோசனை அவளுடையது. கூட்டம் போட்டு அறிவியல் பேசினால் ஊரில் நாலு பேர் வருவார்கள், அதில் இரண்டு பேர் குளிருக்கு ஒதுங்க வந்திருப்பார்கள். அந்தப் படத்தைப் போட்டால் எல்லோரும் வருவார்கள். முடிந்ததும் விளக்கைப் போட்டுப் பேசலாம். தியேட்டருக்குக் கிடைத்த பிரதியில் வாசகர் குரல் இல்லை. ரதோமிர் நேரில் உட்கார்ந்து மைக்கில் வாசிக்க வேண்டும்.

“அந்த வரியை மட்டும் மாத்தி வாசி” என்றாள் கலினா.

ரதோமிர் கேசட்டை ஓடவிட்டான். விஞ்ஞானி வாயைத் திறந்து மூடுவதற்குள் வரி முடிய வேண்டும். அடுத்த நொடி அலை. அலைச் சத்தத்தில் எதுவும் கேட்காது.

“‘ஒவ்வொரு வருஷமும் நூத்துல ஒரு பங்கு வாய்ப்பு இருக்கற’... போச்சு. மேயர் முங்கிட்டாரு.”

“வேகமா சொல்லேன்.”

“வேகமா சொன்னா ஏலம் விடற மாதிரி இருக்கு. உன் உண்மை ரொம்ப நீளம் கலினா.”

“சரி, சின்னதா. ‘இது அடுத்த வருஷமும் வரலாம்.’”

அவன் ஓட்டிப் பார்த்தான். “‘அடுத்த வருஷமும் வரும்’னா கச்சிதமா உக்காருது.”

“வரும் இல்ல. வர-லாம்.”

“‘லாம்’ சொல்ல நேரமில்லம்மா. அதோட, படத்துல எவனாவது ‘லாம்’ சொல்லிப் பாத்திருக்கியா? ‘அணை உடையலாம்’னா மேயர் காபி குடிக்கப் போயிடுவாரு.”

“என் வேலையே அந்த ‘லாம்’தான் ராதெக்.” அவள் சிரிக்க முயன்றாள், முடியவில்லை. “‘வரும்’னு சொன்னா நான் பொய் சொன்னவளாயிடுவேன். வராத ஒவ்வொரு வருஷமும் அப்பா என்னைப் பாத்து சிரிப்பாரு.”

ரதோமிர் கேசட்டை நிறுத்தினான். “பழைய வரிய எடுத்துட்டா அப்பாகிட்ட என்ன மிச்சம் இருக்கும்னு யோசிச்சியா?”

“யோசிச்சேன். நம்ம குழந்தை எங்க தூங்கும்னும் யோசிச்சேன்.”

6

இங்கே கதை நின்றுவிட்டது. பல நாள் இதே மேசையில் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதலாவது: வெள்ளம் வருகிறது. தண்ணீர் தொட்டிலைத் தொடும்போது அம்ப்ரோஜிக்குப் புரிகிறது. எழுத எளிது, கண்ணீருக்கு உத்தரவாதம். ஆனால் அதுதான் அந்தப் படம் செய்த தவறும். கதையில் நூற்றில் ஒரு பங்கு என்று எதுவும் கிடையாது. சொன்னால் நடந்தே தீரும். நான் வெள்ளத்தை வரவழைத்தால் கலினா ஜெயித்துவிடுவாள், அவளுடைய ‘லாம்’ தோற்றுவிடும். (உங்களில் சிலர், பிறகு ஆறு வந்ததா என்று கேட்பீர்கள். கேட்காதீர்கள். வந்திருந்தாலும் வராதிருந்தாலும் அன்று தொட்டிலை வைக்கக் கூடாத இடம் அதுதான்.)

இரண்டாவது: ரதோமிர் புதிய வரியை வாசிக்கிறான், அரங்கம் வாயடைத்துப் போகிறது, மறுநாள் அம்ப்ரோஜி தையல் மெஷினைக் கீழே இறக்குகிறார், தொட்டில் மேலே போகிறது, மருமகள் மாமனாரின் தோளில் சாய்ந்து—

என் வழக்கமான வாசகிகளுக்கு இது பிடிக்கும். எனக்கும்தான். ஆனால் கையெழுத்து அந்த இடத்தில் என்னுடையது போலவே இல்லை.

மூன்றாவது: ரதோமிர் யாருக்கும் நோகாமல் அந்த வரியை விட்டுவிடுகிறான். மைக் மௌனம். உடனே இருட்டிலிருந்து ஊரே சேர்ந்து, மனப்பாடமாக, பழைய வரியைச் சொல்கிறது.

நிச்சயம் அப்படித்தான் நடக்கும். அவன் பேசாமலிருந்தாலும் பேசியதாகத்தான் ஆகும்.

7

ஆகவே, சனிக்கிழமை.

வாசலில் குளிர்க்கோட்டைக் கழற்றிக் கொடுக்கும் வரிசையில் அம்ப்ரோஜி மகனின் கையைப் பிடித்தார். “பழையபடியே வாசிடா. எல்லாரும் அதுக்குத்தான் வந்திருக்காங்க.”

“அப்பா...”

“நான் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன்.” பிறகு, யாருக்கோ சொல்வதுபோல், “அந்த மெஷின நான் ஒருத்தனாத் தூக்க முடியாது” என்றார்.

அது மறுப்பா, அழைப்பா? நான் பல தடவை திருப்பித் திருப்பி எழுதிப் பார்த்துவிட்டேன். எனக்குத் தெரியவில்லை. ரதோமிருக்கும் தெரியவில்லை. கலினா மட்டும் நின்று அவரைப் பார்த்தாள்.

“படம் முடிஞ்சதும் நான் மேடையேறிச் சொல்லத்தான் போறேன்” என்றாள் கணவனிடம், மெதுவாக. “ஆனா இந்த ஊரு என் குரலை நம்பாது. உன்னோடதத்தான் நம்பும்.”

இருமல். சிரிப்பு. படம்.

இப்போது அணை. மழை. மேயர் தலையாட்டுகிறார். கலினா வயிற்றின் மேல் கை வைத்திருக்கிறாள். அம்ப்ரோஜியின் உதடுகள் அந்த வரிக்காக ஏற்கெனவே அசையத் தொடங்கிவிட்டன. பின்னால் ஊரே மூச்சை இழுக்கிறது. ரதோமிரின் தாளில் மூன்று வரிகள் இருக்கின்றன: பழையது, ‘வரும்’, ‘வரலாம்’. மூன்றும் அடித்துத் திருத்தப்பட்டவை.

விஞ்ஞானி வாயைத் திறக்கிறார்.

வாசகரே, மைக் உங்கள் முன்னால் இருக்கிறது. அவர் வாயை மூடுவதற்குள் வாசியுங்கள். ஒரு ‘லாம்’ அளவுக்கு இடம் இருக்கிறதா என்று—