மாமியார் பேர் வைத்த இறால்

தங்கை ஒரு புது இறாலுக்குத் தன் மாமியார் பேரை வைக்கப்போகிறாள் என்று கேட்டதும் அக்காவுக்கு வயிறு பற்றி எரிந்தது. மாமியார் பேரை! உலகத்தில் எந்த மருமகளாவது இப்படி ஒரு கூத்து அடித்திருப்பாளா?

இருவருக்கும் ஒரே தொழில். ஆழ்கடலின் அடியில் தரை பிளந்து வெந்நீர் பீறிடும் இடங்கள் உண்டு. அங்கே வாழும் இறால் நண்டுகளைப் பார்த்து, இது புதுசா பழசா என்று முடிவுகட்டி, புதுசென்றால் விவரமாக எழுதிப் பேர் வைப்பது. தங்கை கப்பலில் போய்ப் பிடித்து வருவாள். அக்காவுக்குக் கப்பல் என்று சொன்னாலே குமட்டும். அருங்காட்சியகத்தின் பின்பக்க அறையில், ஸ்பிரிட் வாடையடிக்கும் புட்டிகளுக்கு நடுவே மைக்ராஸ்கோப்பே கதியென்று கிடப்பாள்.

அந்தத் தொழிலில் தன் பேரைத் தானே வைத்துக்கொண்டால் ஊர் சிரிக்கும். வேறு யாராவது மனசுவைத்து வைத்தால்தான் உண்டு. அப்புறம், ஒரே உயிருக்குத் தெரியாமல் இரண்டு பேர் வைத்துவிட்டால், முதலில் அச்சேறியதுதான் நிற்கும். இரண்டாவது வந்தது எவ்வளவு அழகான பேராக இருந்தாலும் குப்பைதான்.

அம்மா போனபிறகு தங்கைக்குத் தலை பின்னிவிட்டது, சோறு ஊட்டியது, பரீட்சைக்கு எழுப்பிவிட்டது எல்லாம் அக்காதான். தங்கை முதல் பயணத்தில் கொண்டுவந்த இறாலுக்கு, கண்ணே இல்லாத வெளிறிய இறால் அது, அக்கா அவள் பேரையே வைத்தாள். "அடுத்தது உனக்குத்தான்க்கா" என்று தங்கை கட்டிக்கொண்டாள். அந்த அடுத்தது இப்போது வந்தேவிட்டது. செக்கச்செவேலென்று, அழகான கறுத்த கண்ணோடு. பேர் மட்டும் மாமியாருக்கு.

"அத்தை இல்லேன்னா நான் கப்பல்லயே ஏறியிருக்க முடியாதுக்கா. மாசக்கணக்கா நான் கடல்ல கெடக்கிறப்போ பாப்பாவை அவங்கதானே பாத்துக்கிட்டாங்க? அச்சுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி நீ ஒருவாட்டி பாத்துக் குடு."

பார்த்தாள். குறை கண்டுபிடித்தே தீருவது என்று பார்த்தாள். ஸ்பிரிட்டில் சிவப்பெல்லாம் போய் எல்லாமே ஒரே வெளுப்பாக இருந்தன. தட்டில் சின்னதிலிருந்து பெரியதுவரை வரிசையாக அடுக்கினாள். உடம்பு பெருக்கப் பெருக்க, கண் சுருங்கிக்கொண்டே போயிற்று. கடைசி இறாலில் இரண்டு கண்ணும் ஒன்றோடொன்று ஒட்டவே ஆரம்பித்திருந்தன. முதுகு ஓட்டுக்கு அடியில் மங்கலாக ஒரு வெள்ளைத் திட்டு.

அந்தத் திட்டு அவளுக்குத் தெரியாததா? அவளே படம் வரைந்ததாயிற்றே! அலமாரியிலிருந்து பழைய புட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வால் முள்ளும் கால் மயிரும் அச்சு அசல் ஒன்றேதான். இது புது இறாலே இல்லை. தங்கையின் பேரைத் தாங்கிய அந்தக் குருட்டு இறாலின் குட்டி. வளர வளரக் கண் போய்விடுகிறது, அவ்வளவுதான். தன் பேர் வைத்த உயிரைத் தங்கை ஒருநாளாவது ஆசையாக எடுத்துப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும்.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்து, அச்சில் வந்ததும் நாலு பேருக்கு முன்னால் கவிழ்த்தால் என்ன என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. மாமியார் பேரோடு தங்கையின் மானமும் கப்பலேறும் என்பதால் அதைக் கைவிட்டாள். ஆனால் அந்த அம்மாள் முகம் தொங்கிப்போவதைப் பார்க்காமல் விட மனசு வரவில்லை. "உன் அத்தையையும் கூட்டிட்டு வாடி, அவங்க இறாலைக் காட்டுறேன்" என்று தேனொழுகப் போன் போட்டாள்.

மாமியார் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே உள்ளே வந்தார். "இந்த நாத்தத்துக்கா என் பேரு?" என்று சிரித்தார்.

தங்கை மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். நிமிர்ந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. "அய்யோ அக்கா, இது என்னோடதா?"

"உன்னோடதேதான். உன் பேரு மொதல்ல வந்துடுச்சு, அதான் நிக்கும்." அக்கா மாமியாரைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தைச் சொன்னாள். "அத்தை பேரை வைக்க முடியாது."

மாமியாருக்குப் புரியச் சற்று நேரமானது. "அப்போ இந்தக் குட்டிக்கும் இவ பேருதானா?"

"ஆமா."

 மாமியார் உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "நல்லாருக்கே!  நம்ம வீட்டுலயும் இதானேம்மா நடக்குது? பாப்பாவை வளத்தது நான், பேரு இவளுக்கு. போனாப் போகுது, விடு. இதுக்குப்போய் அழுவாங்களா?"

தங்கை அவர் தோளில் சாய்ந்து, சிரிப்பும் அழுகையுமாகக் கண்ணைத் துடைத்தாள். "அடுத்தது உங்களுக்குத்தான் அத்தை."

அக்கா மைக்ராஸ்கோப்பின் விளக்கை அணைத்தாள். குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தங்கை பேர் எழுதிய புட்டியில் போட்டாள்.  வளர்த்தது நான். தங்கையின் கல்யாணத்தன்று தொண்டையில் வந்து நின்ற வார்த்தை அது. யாரிடமும் சொன்னதில்லை. தங்கையிடம் ஒருநாள் சொல்ல வேண்டும் என்று அத்தனை வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்தாள். அதை இந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். இனி அக்கா சொன்னால் அது இரண்டாவதுதான்.