அலகிலிருந்து வால்வரை

மல்டிமீட்டர் ஐந்து வோல்ட் காட்டியது. பதினோராவது முறையும் அதே ஐந்து. நோட்டில் நேரத்தைக் குறித்து, பக்கத்தில் ‘சரி’ என்று எழுதினேன். பலகையில் வளைத்து ஒட்டியிருந்த நியான் எல்.இ.டி. பட்டை மட்டும் எரியாமல் வெறும் ரப்பர் குழாயைப் போலக் கிடந்தது.

இந்த மாலை வகுப்பில் என்னோடு பேசுகிற ஒரே ஆள் தையல்காரக்கா. நடன உடைகளில் விளக்கு வைத்துத் தைப்பதற்காக எலக்ட்ரானிக்ஸ் படிக்க வந்தவர். எதையும் எழுதிவைத்துக்கொண்டே செய்வதால் எனக்கு ‘நோட்டு’ என்று பெயர் வைத்தவரும் அவர்தான். பகலில் நான் வேலை பார்க்கும் கிடங்கில் பெட்டிகளை எண்ணுவதுதான் பேச்சு. அறைக்குத் திரும்பினால் அதுவும் கிடையாது. அந்தப் பெயரால் கூப்பிடப்படுவதற்காகவே வாரத்தில் மூன்று நாள் வந்தேன் என்றுகூடச் சொல்லலாம். சொன்னதில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் ஏதோ பேசிக்கொண்டே, துணியில் குறிபோடும் சாக்கட்டியால், கையெடுக்காமல் மேசையில் ஒரு பறவை வரைந்தார். அவர் போனபின் மெல்லிய காகிதத்தை மேலே வைத்து நகலெடுத்தேன். அலகில் தொடங்கி வாலில் முடியும் அந்தக் கோட்டில்தான் பட்டையை வளைத்திருந்தேன். இன்று அவருக்குக் கடைசி வகுப்பு. மகள் இருக்கும் ஊருக்கே குடிபோகிறார். ஏழே காலுக்கு வண்டி வரும். அதற்குள் எரியவைத்துக் கையில் கொடுக்க வேண்டும்.

மறைப்புக்கு நான் நிறுத்தியிருந்த அட்டைக்கு மேலாக, எதிர்ப்பக்கம் நின்று தலையை நீட்டினார்.

“என்ன நோட்டு, பரீட்சை மாதிரி மறைச்சு வச்சிருக்கே. நான் என்ன காப்பியா அடிக்கப்போறேன்?”

“ஒண்ணுமில்லக்கா. சின்னப் பிரச்சனை.”

“அட்டைய எடு, பாக்கறேன்.”

“வேணாம்க்கா. நானே பாத்துக்கறேன்.”

“அதானே. உனக்கு ஒத்தாசை பண்றதுக்கு ஜன்னலுக்குச் சட்டை தைக்கலாம்.”

சிரித்தார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். நான் நிமிரவில்லை.

முதலில் புரோகிராமைச் சந்தேகப்பட்டேன், திரும்ப எழுதினேன். பிறகு விளக்குகளை இயக்கும் குட்டி போர்டை மாற்றினேன். பிறகு வயர்களைப் பற்றவைத்த சாலிடரை உருக்கி மறுபடி வைத்தேன். அதற்குப் பிறகு சந்தேகப்பட மிச்சமிருந்தது நான்தான். அது எனக்குப் பழக்கமான வேலை, நேரம் போவதே தெரியாது.

வெளியே ஹாரன் கேட்டது. அக்கா என் தோளைத் தட்டினார்.

“வரட்டா? கண்ணைக் கெடுத்துக்காதே. எப்பவாச்சும் ஃபோன் பண்ணு. அதையும் நோட்டுல எழுதிக்கோ.”

“சரிக்கா” என்றேன். எழுதியும் கொண்டேன். எரியாத ஒன்றை எப்படிக் கொடுப்பது?

பையில் வைப்பதற்காகப் பலகையை எதிர்ப்பக்கம் முன்னால் வரும்படி திருப்பியபோதுதான் தெரிந்தது. வால் முனையில், பட்டையின் பக்கவாட்டில், குட்டியாக ஓர் அம்புக்குறி. அது வெளியே போகும் திசையைக் காட்டியது. உள்ளே வரிசையாக இருக்கும் விளக்குகள் ஒவ்வொன்றும் தனக்கான நிறச் செய்தியை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்ததற்குத் தள்ளிவிடும், ஒரே திசையில். மின்சாரம் எந்த முனையிலும் ஏறும். அதனால் மீட்டர் சரி என்றது. செய்தி நுழைவது அலகு முனையில் மட்டும். நான் வாலில் பற்றவைத்திருந்தேன். அட்டையை எடுத்திருந்தால், அக்கா நின்ற பக்கத்திலிருந்து அம்பு நேராகத் தெரிந்திருக்கும்.

வயர்களை மாற்றிவைக்க ஒன்பது நிமிடம் ஆனது. கட்டடக் காவலர் பூட்ட வந்தார்.

“டியூப்லைட்ட அணைச்சிடவா?”

“அணைங்கண்ணே.”

அலகிலிருந்து நீலம் ஒவ்வொரு புள்ளியாக முதுகில் ஏறி, வாலில் ஊதாவாக முடிந்து, மறுபடியும் அலகில் தொடங்கியது.

“நல்லாருக்கே. யாருக்கு?”

அக்காவுக்கு அனுப்ப வீடியோ எடுக்கக் கைபேசியைத் தூக்கினேன். கண்ணுக்கு முழுசாக எரிந்த பறவை, விளக்கின் துடிப்பும் கேமராவின் வேகமும் ஒத்துப்போகாமல், திரையில் கறுப்பு வரிகளாக அறுபட்டு ஊர்ந்தது. கிட்டே போனேன், தள்ளி வந்தேன், வரிகள் போகவில்லை. காவலர் சாவிக்கொத்து சத்தம் போடாதபடி அதைக் கைக்குள் மூடிக்கொண்டு, படத்தில் தான் விழாமல் சுவரோரமாக ஒதுங்கி நின்றார். அவர் வெள்ளைச் சட்டை நீலமாகி, ஊதாவாகி, இருண்டு, மறுபடி நீலமானது.